ஒரே கிளையில் நான்கு நிறம்

நம் விடுதியில் காலைக் காப்பி இல்லாமல் கண் திறவாத நண்பர்கள் பலர் உண்டு. ஊரிலிருந்து பொட்டலம் வந்தால், முறுக்கு இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன் காப்பித்தூள் இருக்கிறதா என்று பார்ப்பவர்கள் அவர்கள். அத்தகைய நண்பர் ஒருவரிடம் ஒருநாள், “நீங்கள் குடிப்பது ஒரு பழத்தின் கொட்டை” என்றேன். அவர் நம்பவில்லை. “அவரையைப் போலக் கொடியில் காய்க்கும் பயறு என்றல்லவா இத்தனை நாளும் நினைத்திருந்தேன்” என்றார். அவரைக் குறை கூறுவதற்கில்லை. வறுத்து, அரைத்து, பொட்டலமான பிறகுதான் நம்மில் பலரும் காப்பியைக் காண்கிறோம்.

சங்க மலருக்கு என் பாடத்தைப் பற்றி ஏதேனும் எழுதுமாறு ஆசிரியர் குழுவினர் கேட்டபோது அந்த நண்பரின் முகமே எனக்கு நினைவில் வந்தது. நான் படிப்பது பயிர் வினையியல். என் வீட்டாருக்குப் பழனி மலையின் கீழ்ச்சரிவில், தாண்டிக்குடிப் பக்கம், மூன்று ஏக்கர் காப்பித் தோட்டம் உண்டு. பாடமும் தோட்டமும் நேருக்கு நேர் மோதிக்கொண்ட ஒரு சந்தர்ப்பத்தைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

டிசம்பர் மாதத்தில் எங்கள் தோட்டத்திற்கு வந்து ஒரு காப்பிக் கிளையை வளைத்துப் பாருங்கள். கணுவுக்குக் கணு கொத்தாகக் காய்த்திருக்கும். அந்த ஒரே கொத்தில் பச்சைக் காயும், மஞ்சளோடிய செங்காயும், நன்றாகச் சிவந்த பழமும், கறுத்து வற்றிய பழமும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கும். கண்ணுக்கு அழகுதான். தோட்டம் வைத்திருப்பவனுக்கு அதுவே தலைவலி.

நெல் வயலில் கதிர் முற்றினால் அரிவாளை எடுத்து ஒரே மூச்சாக அறுத்துவிடலாம். காப்பியில் அது நடவாது. சிவந்த பழத்தை மட்டும் விரலால் தேர்ந்து பறித்து, பச்சையை விட்டுவிட்டு, பத்துப் பதினைந்து நாள் கழித்து அதே செடிக்கு மீண்டும் வர வேண்டும். இப்படி நான்கு சுற்று, சில ஆண்டுகளில் ஆறு சுற்று. கடைசிச் சுற்றில் எஞ்சியதை எல்லாம் உருவி எடுத்து, தரையில் உதிர்ந்ததையும் பொறுக்க வேண்டும். பொறுக்காமல் விட்டால் காய்த்துளைப்பான் வண்டு அதில் குடியேறி அடுத்த ஆண்டின் காய்க்கு வந்துவிடும். நம் நாட்டில் அந்த வண்டு முதன்முதலில் 1990-இல் நீலகிரி மாவட்டத்துக் கூடலூர்ப் பகுதியில் காணப்பட்டது. இன்று அதை அறியாத காப்பித் தோட்டக்காரர் இல்லை.

பச்சைக் காயையும் சேர்த்தே பறித்தால் என்ன என்று கேட்கலாம். பச்சைக் காயில் தோலுக்கும் கொட்டைக்கும் இடையே வழுவழுப்பான சதைப்பசை உண்டாகியிருக்காது. ஆகையால் தோலுரிக்கும் பல்ப்பர் இயந்திரத்தில் அது நசுங்கும், அல்லது உரியாமலே வெளியே வந்துவிழும். அதன் கொட்டையை எப்படியோ உலர்த்தி வறுத்தாலும், மற்றவை கருஞ்சிவப்பாகும்போது அது மட்டும் வெளிறிய மஞ்சளாகவே நிற்கும். வறுக்கும்போது நிறமும் மணமும் தருவதற்கு வேண்டிய சர்க்கரையும் பிற பொருள்களும் அதில் நிறையவில்லை. அப்படி ஒரு பிடி கலந்துவிட்டால் முழு டம்ளரும் துவர்க்கும். சில நாள் விடுதிக் காப்பி நாக்கைப் பிடித்து இழுக்கிறதே, அதற்கு நம் சமையற்காரரை மட்டும் வைவது நியாயமன்று.

ஏறத்தாழ ஆறு கிலோ பழம் பறித்தால் ஒரு கிலோ காப்பிக் கொட்டை கிடைக்கும். அந்த ஆறு கிலோவையும் ஒவ்வொன்றாக விரல் தேர்ந்தெடுக்கிறது. மலையில் ஆள் கிடைப்பது ஆண்டுக்கு ஆண்டு அரிதாகி வருகிறது. ‘எல்லாப் பழமும் ஒன்றாகப் பழுத்துத் தொலைந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்’ என்று என் தகப்பனார் பெருமூச்சு விடாத பருவமே இல்லை.

ஏன் அவை ஒன்றாகப் பழுப்பதில்லை? காரணம் பழத்தில் இல்லை. எட்டு ஒன்பது மாதத்திற்கு முன் பூத்த பூவில் இருக்கிறது.

காப்பிச் செடியின் இலைக்கோணத்தில் தோன்றும் பூமொட்டு 4 முதல் 6 மில்லிமீட்டர் வரை வளர்ந்து அப்படியே உறங்கிவிடும். தீக்குச்சித் தலையைப் போல வாரக்கணக்கில் நிற்கும். தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தால் எழுந்துவிடும் என்று நாம் நினைப்போம், நடப்பது நேர்மாறானது. செடி முதலில் தாகத்தில் வாட வேண்டும். வாடிய பிறகு ஒரு மழை பெய்ய வேண்டும். இடைவிடாமல் நீர் பெற்ற செடியின் மொட்டு உறக்கம் கலைவதில்லை என்பதைப் பிரேசில் நாட்டு விஞ்ஞானி ஆல்விம் 1960-இல் எடுத்துக்காட்டினார். தாகம் உறக்கத்தைத் தளர்த்துகிறது, மழை தட்டி எழுப்புகிறது என்று வைத்துக்கொள்ளலாம். மழை பெய்த எட்டுப் பத்து நாளில் தோட்டம் முழுவதும் வெள்ளை விரித்தாற்போலப் பூத்து, மல்லிகையை நினைவூட்டும் மணம் மலையெங்கும் பரவும். இரண்டு மூன்று நாளில் எல்லாம் வாடி உதிர்ந்துவிடும்.

சிக்மகளூரிலும் குடகிலும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பெரும்பாலும் வறட்சி. மார்ச், ஏப்ரலில் நல்ல மழை ஒன்று. தோட்டக்காரர்கள் அதைப் ‘பிளாசம் ஷவர்’ என்பார்கள். பூமழை என்று நான் சொல்லிக்கொள்கிறேன். ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் ஒரே முறையில் பெய்தால் பெரும்பாலான மொட்டு ஒன்றாக விழித்துக்கொள்ளும். எங்கள் மலையின் வாடிக்கை வேறு. வடகிழக்குப் பருவமழையின் வால் சில ஆண்டுகளில் ஜனவரி வரை நீளும். பிறகு ஏப்ரலில் ஒரு மழை, மே மாதத்தில் ஒன்று, ஜூனில் ஒரு தூறல். ஒவ்வொரு மழைக்கும் அப்போது தயாராயிருக்கும் மொட்டுகள் மட்டும் பூக்கும். மற்றவை அடுத்த மழைக்குக் காத்திருக்கும். ஆகவே, ஒரே கொத்தில் இருக்கும் காய்கள் ஒரே வயதுடையவை அல்ல. அண்ணனும் தம்பியும் கடைக்குட்டியும் ஒரே தொட்டிலில் படுத்திருக்கிறார்கள். நான்கு நிறம் என்பது நான்கு வயது.

இனி மருந்துக்கு வருவோம்.

செடிகளுக்குள் மிகச் சிறிய அளவில் தோன்றி, வளர்வதையும் பூப்பதையும் பழுப்பதையும் உதிர்வதையும் ஆளுகின்ற பொருள்கள் உண்டு. அவற்றையோ, அவற்றைப் போன்று செயற்கையாகச் செய்தவற்றையோ வெளியிலிருந்து தெளித்தால் செடியின் போக்கை ஓரளவு மாற்றலாம். நம் பாடநூல்கள் இவற்றை ‘வளர்ச்சி ஊக்கிகள்’ என்கின்றன. பெயர் முழுதும் பொருந்தாது. அவற்றுள் சில ஊக்குவதில்லை, தடுக்கின்றன. பழுக்கச் செய்வது அவற்றுள் எத்திலீன் என்னும் வாயு.

அதன் கதை தெரு விளக்கில் தொடங்குகிறது. சென்ற நூற்றாண்டுக்கும் முந்தைய நூற்றாண்டில் ஐரோப்பிய நகரங்களில் நிலக்கரி வாயுவைக் குழாயில் கொண்டுவந்து விளக்கெரித்தார்கள். குழாயில் கசிவு ஏற்பட்ட இடங்களில் மரங்கள் பருவம் தவறி இலையுதிர்த்தன. பீட்டர்ஸ்பர்க் நகரில் நெல்யூபோவ் என்னும் இளைஞர், ஆய்வுக்கூடத்துக் காற்றில் வளர்ந்த பட்டாணி நாற்று நிமிராமல் படுத்துக்கொண்டு வளர்வதைக் கண்டு, அதற்குக் காரணம் விளக்கு வாயுவிலுள்ள எத்திலீனே என்று 1901-இல் நிறுவினார். பழுக்கும் ஆப்பிள் தானே எத்திலீனை வெளியிடுகிறது என்பதை இங்கிலாந்தில் கேன் என்பவர் 1934-இல் காட்டினார். நம் ஊரில் இதையெல்லாம் யாரும் சொல்லித்தரவில்லை. வாழைத்தாரை அறையில் அடுக்கிப் புகைமூட்டம் போட்டு நம் பாட்டன்மார் பழுக்க வைத்தார்கள். அந்தப் புகையிலும் எத்திலீன் உண்டு.

வாயுவை மூடிய அறையில் பிடித்து வைக்கலாம். மலைச்சரிவில் பிடித்து வைக்க முடியுமா? இதற்கு வழியாக 1960-களில் வந்தது எத்திஃபான். இரண்டு-குளோரோஎத்தில் பாஸ்போனிக் அமிலம் என்பது அதன் முழுப்பெயர். ஒருமுறை படித்துவிட்டு மறந்துவிடலாம். புளிப்பு மிகுந்த கரைசலில் அது கலையாமல் இருக்கும். இலைக்குள்ளும் தோலுக்குள்ளும் நுழைந்தால் அங்கே அவ்வளவு புளிப்பு இல்லை. ஆகவே உடைந்து எத்திலீனை விடும். வாயுவைப் புட்டியில் அடைத்த உபாயம் இதுவே. அன்னாசி ஒருசேரப் பூக்கவும், ரப்பர் மரத்தில் பால் கூடுதலாக வடியவும் இதைப் பயன்படுத்துகிறார்கள். கன்னியாகுமரி மாவட்ட நண்பர்கள் ரப்பர்ப் பட்டையில் பூசுவதைப் பார்த்திருப்பார்கள். காப்பிப் பழத்தில் இதைத் தெளித்துப் பார்த்த ஆராய்ச்சியைக் கென்யாவிலிருந்து பிரௌனிங், கன்னெல் என்னும் இருவர் 1970-இலேயே வெளியிட்டனர்.

நான் முதுகலை வகுப்பில் சேர்ந்த ஆண்டு இதைப் படித்தேன். படித்தவள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். தொலைபேசியில் தகப்பனாரிடம் சொல்லிவிட்டேன். அடுத்த விடுமுறைக்குப் போனபோது 39 சதவீதக் கரைசல் புட்டி ஒன்று திண்ணையில் எனக்காகக் காத்திருந்தது.

“படிச்சவ நீயே கலந்து குடும்மா” என்றார்.

அது 2022-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தின் நடுப்பகுதி. தோட்டம் முழுவதும் தெளிக்கத்தான் அவருக்கு விருப்பம். நல்லவேளையாக எங்கள் பேராசிரியர் ஒருவரின் குரல் காதில் ஒலித்தது: தெளிக்காத செடி இல்லாத பரிசோதனை, பரிசோதனையே அன்று. தொட்டியோரம் இருந்த நாற்பது செடியில் இருபதுக்கு மட்டும் தெளிப்பது என்று பேசி முடித்தேன். பத்து லட்சத்தில் 200 பங்கு என்னும் அளவுக்குப் பத்து லிட்டர் தண்ணீருக்கு ஏறத்தாழ 5 மில்லி போதும். ஒரு மூடி மருந்து. “இவ்வளவுதானா?” என்று தகப்பனார் இரண்டு முறை கேட்டார். தெளிப்பானை நன்றாகக் கழுவச் சொன்னேன். இலைத்துரு நோய்க்காகத் துத்தமும் சுண்ணாம்பும் சேர்த்துத் தெளிக்கும் போர்டோ கலவையின் மிச்சம் அதில் இருந்தது. சுண்ணாம்பு புளிப்பை முறித்துவிடும். பிறகு எத்திஃபான் செடியைச் சேருமுன்னே சிதையத் தொடங்கும்.

இரண்டு வாரம் கழிந்தது. தகப்பனாரின் மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. தெளித்த இருபது செடியும் சிவப்பு. பக்கத்து வரிசை பச்சையும் மஞ்சளுமாகப் பழையபடி நிற்க, இந்த வரிசை மட்டும் திருவிழாவுக்குத் தோரணம் கட்டியதுபோல் இருந்தது. பக்கத்துத் தோட்டத்தார் வந்து பார்த்து, மருந்தின் பெயரைச் சீட்டில் எழுதி வாங்கிப் போனார். அன்று மாலை நான் தாண்டிக்குடியின் மிகச் சிறந்த விஞ்ஞானி.

மறுநாள் பழம் எடுக்க ஐந்து பெண்கள் வந்தார்கள். அவர்களில் மூத்தவரை நாங்கள் பெரியம்மா என்று அழைப்போம். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே எங்கள் தோட்டத்தில் பழம் எடுப்பவர். தெளித்த வரிசையில் கூடையோடு நுழைந்தவர் ஐந்து நிமிடத்தில் கையை நிறுத்திவிட்டார். ஒரு பழத்தை விரலிடையில் வைத்துப் பிதுக்கினார். பழுத்த பழமாயிருந்தால் இரண்டு கொட்டையும் வழுக்கிக்கொண்டு குதிக்கும். இது குதிக்கவில்லை. இன்னொன்றைப் பிதுக்கினார், அது குதித்தது. அடுத்தது மறுபடி அடம் பிடித்தது. தோலை நாக்கில் வைத்துப் பார்த்தார்.

“பாப்பா, இதுல பாதி சாயம் பூசின பழம்” என்றார். “செவப்பா இருக்கு. வழுவழுப்பும் இல்ல, இனிப்பும் இல்ல. எது நெசம் எது பொய்யின்னு இப்ப எங்கண்ணுக்கே தெரியல.”

அவர் சொன்ன கடைசி வாக்கியத்தில்தான் விஷயம் முழுவதும் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு நாளாயிற்று.

காப்பிக் காயின் வரலாற்றைச் சிறிது பார்ப்போம். பூ உதிர்ந்தபின் ஆறேழு வாரம் அது குண்டூசித் தலையளவில் சும்மா இருக்கும். பின் வேகமாகப் பருத்து, கொட்டைக்கு வேண்டிய கூட்டை முதலில் கட்டிக்கொள்ளும். கூடு இறுகிய பிறகு, கொட்டை எவ்வளவு பெரிதாகலாம் என்பது முடிவாகிவிடும். அடுத்த சில மாதங்களில் அந்தக் கூட்டுக்குள் பால் போன்ற பொருள் மெல்ல நிறைந்து கெட்டிப்படும். நாம் பின்னால் வறுத்து அரைப்பது இதைத்தான். இந்த வேலை பெரும்பாலும் முடிந்த பிறகுதான் வெளித்தோல் சதைபற்றிப் பழுக்கத் தொடங்கும். இயற்கையில் தோலின் சிவப்பு, உள்ளே வேலை முடிந்தது என்பதற்குச் செடி ஏற்றும் கொடி.

எத்திஃபான் அந்தக் கொடியைப் பிடித்து மேலே ஏற்றுகிறது. உள்ளே கொட்டையை நிரப்புவது எத்திலீனின் வேலையன்று. அது இலை சமைத்து, காம்பு வழியே அனுப்பி, வாரக்கணக்கில் நடக்க வேண்டியது. நான் தெளித்த நாளில் ஏப்ரல் பூவின் காய்க்கு ஏழு மாதம், மே மாதப் பூவுக்கு ஆறு, ஜூன் தூறலில் பூத்ததற்கு ஐந்து. ஏழு மாதத்துக் காயின் கொட்டை ஏறக்குறைய நிறைந்திருந்தது. தோல் சிவந்ததால் அதற்கு நஷ்டமில்லை. ஐந்து மாதத்துக் காய்களில் ஒரு பகுதி உதிர்ந்துபோயிற்று. எஞ்சியவை அரைகுறைக் கொட்டையோடு சிவந்து நின்றன. தெளிப்பானின் மூக்கிலிருந்து வரும் துளி, அண்ணன் யார், கடைக்குட்டி யார் என்று கேட்டுவிட்டா விழுகிறது? மருந்துக்கு முன் நான்கு வயதுக்கு நான்கு நிறம் இருந்தது; பெரியம்மாவின் கண் அதைக்கொண்டு தேர்ந்தெடுத்தது. மருந்துக்குப் பின் வயது நான்காகவே இருந்தது. நிறம் மட்டும் ஒன்றாயிற்று.

பறித்ததைத் தொட்டியில் கொட்டியதும் தெளித்த வரிசையின் பழம் அதிகம் மிதந்தது. கொட்டை நிறையாத பழம் மிதக்கும். எஞ்சியதை உலர்த்தி என் தாயார் இரும்பு வாணலியில் வறுத்தார். கருஞ்சிவப்புக்கு நடுவே நிலக்கடலை நிறத்தில் சில கொட்டை. காப்பி போட்டுக் கொடுத்தார். தகப்பனார் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

இன்னொரு நஷ்டம் ஒரு மாதம் கழித்துத் தெரிந்தது. தெளித்த செடிகளில் முதிர்ந்த இலை நிறைய உதிர்ந்திருந்தது. தெருவிளக்கு வாயுவில் மரம் இலையுதிர்த்த கதையைச் சொன்னேன் அல்லவா? அதே எத்திலீன்தான். காய் தாங்கிக் களைத்த செடி இலையையும் இழந்தால் கிளை நுனி காய்கிறது. அடுத்த ஆண்டின் விளைச்சல் குறைகிறது.

இதனால் எத்திஃபானைக் குப்பையில் எறிய வேண்டும் என்று நான் கூறவில்லை. தெளிக்காமல் விட்ட இருபது செடியில் பத்துக்கு, ஜனவரியில் இரண்டு சுற்று பறித்து முடிந்தபின், அதே அளவில் தெளித்துப் பார்த்தேன். அப்போது கடைக்குட்டிக்கும் வயது ஏழு மாதத்தை எட்டியிருந்தது. எஞ்சிய காய் ஒரே சுற்றில் முடிந்தது, காப்பியும் துவர்க்கவில்லை. உள்ளே வேலை முடிந்த காய்க்கு மருந்து உதவுகிறது. பிரேசிலில் சமவெளியில் வரிசையாக நட்ட காப்பியின்மேல் இயந்திரம் ஏறிச் சென்று, கோல்களால் அதிர்வூட்டிப் பழத்தை உதிர்க்கிறது. அங்கே எத்தனை சதவீதம் பழுத்த அன்று இயந்திரத்தை விடுவது என்பது பெரிய கணக்கு. அதற்காக முந்தியதை விரைவுபடுத்த எத்திஃபானும், முந்தியது பொறுத்திருக்க எத்திலீன் உண்டாவதைத் தடுக்கும் பொருள்களும் தெளித்துப் பார்க்கிறார்கள். எனக்கு இரண்டாவது வழிதான் கூடுதல் புத்திசாலித்தனமாகத் தோன்றுகிறது. கடைக்குட்டியை அடித்து எழுப்புவதைவிட, அவன் எழும்வரை அண்ணனைக் காத்திருக்கச் சொல்வது நன்றல்லவா?

ஆயினும் வயதே ஒன்றாக இருந்துவிட்டால் இந்தப் பாடெல்லாம் எதற்கு? அதற்கு நவம்பரை விட்டுவிட்டு மார்ச்சுக்குப் போக வேண்டும். பழத்தை விட்டுவிட்டு மொட்டுக்கு. அங்கே வேலை செய்யும் ஊக்கி வேறு: ஜிப்பரலின். ஜப்பானிய நெற்பயிரைப் பைத்தியம் பிடித்தாற்போல் நெடுநெடுவென்று வளர்த்துச் சாய்க்கும் ஒரு பூஞ்சணத்திலிருந்து கண்டறியப்பட்டது இது; 1926-இல் குரோசாவா என்பவர் அந்தப் பூஞ்சணம் சுரக்கும் பொருளே காரணம் என்று காட்டினார். நாசிக் பக்கத்து விதையில்லாத் திராட்சை பருப்பதற்கு இதைத்தான் தெளிக்கிறார்கள். காப்பி மொட்டில் தெளித்தால் உறக்கம் கலைகிறது. ஹவாய்த் தீவுகளில் 1990-களின் தொடக்கத்தில் நடந்த ஆராய்ச்சிகளில், ஓரளவு தாகத்தில் வாடிய செடிக்கு ஜிப்பரலிக் அமிலம் தெளித்தபோது பூப்பு விரைந்து, ஒருசேரவும் வந்தது. ஆனால் 4 மில்லிமீட்டருக்குக் குறைந்த சிறு மொட்டு இதற்கும் அசைவதில்லை. மொட்டு விழிப்பதில் எத்திலீனுக்கும் பங்குண்டு என்று பிரேசில் ஆராய்ச்சியாளர் அண்மை ஆண்டுகளில் காட்டியிருக்கிறார்கள். எந்த ஊக்கியானாலும், தயாராக நிற்பவனைத்தான் கைப்பிடித்து அழைத்துப் போகும்.

மொட்டுகளை எல்லாம் தயாராக நிறுத்தி வைப்பது தாகம். பிரேசிலின் செராடோ பகுதியில் நீர்ப்பாசனத் தோட்டக்காரர்கள் வறண்ட பருவத்தில் சுமார் 70 நாள் வேண்டுமென்றே தண்ணீரை நிறுத்தி, பின்னர் ஒரே நாளில் திறந்துவிடுகிறார்கள். பின்தங்கிய மொட்டும் அதற்குள் முந்தியதை எட்டிப் பிடித்துவிடும். குடகில் ரொபஸ்டா வைத்திருப்பவர்கள் பிப்ரவரி, மார்ச்சில் மழைக்குக் காத்திராமல் தெளிப்புநீர் பாய்ச்சிப் பூக்க வைக்கிறார்கள். புட்டியில் வராத ஊக்கி இது.

எங்கள் மூன்று ஏக்கருக்கு இதில் எது கூடும்? மழையை நிறுத்த எங்களால் முடியாது. ஜனவரி மழை பெய்தால் பெய்ததுதான். தொட்டித் தண்ணீர் அரை ஏக்கருக்குத்தான் காணும். அதில் மட்டும் ஏப்ரல் முதல் வாரத்தில், மழை பிந்தினால், குழாய் பிடித்துத் தெளிக்கிறோம். மற்றபடி எங்களால் முடிந்தது ஒன்றுதான்: எந்த மழைக்கு எத்தனை பூத்தது என்று குறித்து வைப்பது. குறித்து வைத்தால் எந்தக் கூட்டத்துக் காய் எந்த வாரம் நிறையும் என்று தெரியும். பறிக்கும் சுற்றை அதற்கேற்ப வைக்கலாம். காப்பி வாரியத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் எங்கள் தாண்டிக்குடியிலேயே இருக்கிறது; சந்தேகம் வந்தால் போய்க் கேட்கலாம். புட்டி வாங்குமுன் போயிருக்க வேண்டியது என்று தகப்பனார் இன்றும் சொல்லிக்காட்டுவார்.

சுற்றைக் குறைப்பதென்று திட்டம் போட்டபோது பெரியம்மாவிடமும் சொன்னேன். ஆறு சுற்றை மூன்றாக்கினால் அவருக்கு வேலை நாள் குறையுமே என்பது என் மனத்தை உறுத்திக்கொண்டிருந்தது. எங்கள் பாடநூல்களில் ‘பறிக்கும் செலவு’ என்று ஒரு வரி வரும். அந்த வரிக்குள் இருப்பவர் இவர்தானே. கேட்டுவிட்டு அவர் சிரித்தார்.

“நீங்க கிலோக் கணக்குல குடுக்குறீங்க. அதனால எனக்கு நல்லதுதான் பாப்பா. பழம் மெல்லிசா இருக்குற சுத்துல மலை பூரா ஏறி எறங்கினாலும் கூடை நெறைய மாட்டேங்குது, காலு மட்டும் நோவுது. ஆனா மேல தோட்டத்துல எங்களுக்கு நாட்கூலி. அங்க போயி இதையெல்லாம் சொல்லிடாத.”

நான் சொல்லவில்லை. மெல்லிய சுற்றுக்குக் கிலோவுக்கு இத்தனை ரூபாய் கூடுதல் என்று அவரே தகப்பனாரிடம் பேசி வாங்கிக்கொண்டார். அது எந்தப் பாடநூலிலும் இல்லாத கணக்கு. தகப்பனார் இரண்டு நாள் முனகிவிட்டு ஒப்புக்கொண்டார்.

புட்டியில் பாதிக்கு மேல் இன்னும் மிச்சமிருக்கிறது. கொட்டகையில், பூட்டிய பெட்டியில், பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில் வைத்திருக்கிறோம். அடுக்களைச் சுவரில் மாட்டியிருக்கும் நாட்காட்டியில், பூத்த நாளுக்கெல்லாம் தகப்பனார் பென்சிலால் வட்டம் போட்டு, பக்கத்தில் ‘நிறைய’, ‘கொஞ்சம்’ என்று எழுதுகிறார். சென்ற கோடை விடுமுறைக்கு நான் வீடு சேர்ந்தபோது இரண்டு வட்டம் இருந்தது. மூன்றாவது வட்டத்தை நான் போட்டேன். என்ன எழுதுவது என்று கேட்டேன். “கொஞ்சம்னு எழுது” என்றார்.